மனப்பாடம் செய்த தலைவலி

"தன் தலையில எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவ, நாளைக்கு நாலு புள்ளைங்களுக்கு என்னாத்தச் சொல்லிக் குடுக்கப் போறா?"

இப்படிக் கேட்டவர் அஞ்சலாட்சி அத்தை, என் அப்பாவின் அக்கா. அவர் வாசலில் நின்று கேட்டார். நான் உள்ளே நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னதல்ல. கேட்க வேண்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கவே சொன்னார். அத்தை யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசமாட்டார். கதவுக்கு வெளியே நின்று, முகத்துக்கு நேராகப் பேசுவார்.

ஒரு வகையில் அவர் சந்தேகம் நியாயமானதுதான். வலி எங்கே என்று திங்கட்கிழமை கேட்டால் பின்மண்டை என்பேன். வெள்ளிக்கிழமை கேட்டால் நெற்றி என்பேன். நடுவில் இரண்டு நாள் காதுக்கு மேலே வந்து தங்கிவிட்டுப் போகும். வாடகை கொடுக்காமல் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடித்தனக்காரர் போல அந்த வலி என் தலைக்குள் குடியிருந்தது. அதனால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மீதிப் பேர் அதற்குக் காரணம் படிப்பு என்று நம்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். (அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். ஓட்டுப் போட.) அப்பா ஏழுமலையும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர்கள். நான் திண்டிவனத்தில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். அடுத்து பி.எட்., அதற்கடுத்து டீச்சர் என்று நானும் அப்பாவும் முடிவு செய்து வைத்திருந்தோம். இந்த முடிவில் நான் கொஞ்சம் அளவுக்கு மீறியே நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீக்கடையில் யாராவது பேப்பரைத் தப்பாகப் படித்தால் பஸ்ஸுக்கு நின்றபடியே திருத்துவேன். வீட்டில் யாராவது 'உப்பு' என்று சொன்னால், எந்த உப்பு என்று கேட்பேன்.

தலையில் அடிபட்டதும் இந்தக் குணத்தால்தான்.

அது 2006, மாசி மாதம். திண்டிவனம் டவுனிலேயே வளர்ந்த என் வகுப்புத் தோழி கற்பகம், உப்பளத்தைப் பஸ்ஸில் இருந்துதான் பார்த்திருக்கிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தேன். பாத்தியில் வேலையாக இருந்த அப்பா அம்மாவைக் காட்டி, ஒரு கை உப்பை அள்ளிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பாடம் நடத்தும் ஆசை வந்துவிட்டது. கற்பகம் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் வர, நான் அவளுக்கு முன்னால், அவள் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்துகொண்டே விளக்கினேன். சுற்றுலாத் தலங்களில் கைடுகள் அப்படித்தான் நடப்பார்கள் என்று டி.வி.யில் பார்த்திருந்தேன். கற்பகமும் என்னோடு அதே வகுப்பில், அதே புத்தகத்தைப் படிக்கிறவள் என்பது அப்போது எனக்கு மறந்துபோயிருந்தது.

"யம்மா குமுதா, திரும்பி நடம்மா. வரப்பு ஈரமா இருக்குது," என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும்பா!" என்றேன்.

"இந்தக் கரைசல் தெவிட்டிய நிலையை அடையும்போது, சோடியம்..." என்று ஆரம்பித்தேன். சோடியம் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. குளோரைடையும் சொல்லிவிட்டுத்தான் விழுந்தேன் என்று கற்பகம் சாட்சி சொல்கிறாள். அந்த ஒரு சொல்லும் அதற்குப் பின்னால் கொஞ்ச நேரமும் எனக்கு இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. தண்ணீர் திறந்துவிடும் மடையின் சிமெண்டு விளிம்பில் பின்மண்டை மோதி, பாத்திக்குள் மல்லாந்து விழுந்தேனாம். உப்பு சுமக்கும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் பேசியதையும் கற்பகம்தான் எனக்குச் சொன்னாள்.

"யாரு பொண்ணுடி இது?"

"நம்ம ஏழுமல பொண்ணு. படிக்குதே, அது."

"அது ஏன் பின்னாடி பின்னாடி நடந்துச்சி?"

"படிச்சவங்க அப்படித்தான் நடப்பாங்களோ என்னவோ."

"உப்புத் தண்ணியிலதான வுழுந்துக்குது, வுடு. புண்ணு சீழ் வைக்காது."

எனக்கு நினைவு வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன். "கற்பகத்துக்கு டீ குடுத்தீங்களா?" என்று கேட்டேன். கொடுத்துவிட்டோம் என்றார்கள். உடனே மறுபடி, "கற்பகத்துக்கு டீ குடுத்தீங்களா?" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை இதையே கேட்டேனாம். பாவம், கற்பகத்துக்கு அன்றைக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

ஊர் ஆஸ்பத்திரி நர்சம்மா தையல் போட்டார். மூளை குலுங்கியிருக்கிறது, கொஞ்ச நாள் படிக்காமல் டி.வி. பார்க்காமல் ஓய்வெடு, வாந்தியோ அளவு கடந்த தூக்கமோ வந்தால் உடனே வா என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் அதை வேறு யாருக்கோ சொன்னது போல் கேட்டுக்கொண்டேன். பரீட்சை சித்திரை வாக்கில். இரண்டாம் நாளே புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன. காலேஜ் போகும் வழியில், பிரம்மதேசம் வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் என் மூளை மட்டும் நேராகப் போனது. வலியும் ஊர் சுற்ற ஆரம்பித்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா பற்றுப் போட்டார். அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். என் தாய்மாமன் கஜேந்திரன், உப்பு லாரி ஓட்டுகிறவர், ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு தைலம் கொண்டுவந்தார். நான் நடந்துபோனால் நாய்கள் தும்மின.

வலி தீரவில்லை. அப்போதுதான் அத்தை, பிரம்மதேசத்தில் சொந்த நிலம் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையின் பேச்சை எடுத்தார். "படிப்ப நிறுத்து, வலி தானா நிக்கும்," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள் முறைக்கவில்லை. மூன்றாம் நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருசம் பரீட்ச எழுதலன்னா என்னம்மா ஆவும்?" என்றார்.

என் பக்கம் இருந்தது அவர் ஒருவர்தான்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டுவது. படிக்கலாம் என்று அவர் சொன்னால் படிப்பு. கூடாது என்று சொன்னால் பிரம்மதேசம். அத்தை இதற்கு உடனே ஒப்புக்கொண்டார். எந்த டாக்டராக இருந்தாலும் தலையில் தையலோடு வருகிறவளிடம் நன்றாகப் படி என்று சொல்லமாட்டார் என்ற கணக்கு அவருக்கு.

இந்த இடத்தில் மாமா ஒரு தகவலைக் கொடுத்தார். "பாண்டி டாக்டருங்கெல்லாம் இங்கிலீஷ்தான்மா. தமிழ்ல சொன்னா காதுலயே வாங்க மாட்டாங்க. வாயத் தொறக்கிறதுக்குள்ள மாத்திரய எழுதி வெளிய தள்ளிடுவாங்க. நீ இங்கிலீஷ்ல போட்டுத் தாக்கு. அப்பத்தான் தொட்டுப் பாப்பாங்க." அம்மாவும் ஆமாம் என்றார். அவருக்கு அப்படி நடந்திருக்கிறது. முழங்கால் வலி என்று போய், முழங்கால் என்பதைச் சொல்லி முடிக்கும் முன்பே வெளியே வந்தவர் அவர். "நமக்கு என்னா கவல? இங்கிலீஷ் நம்ம வூட்லயே இருக்குது," என்று என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும், பெரிய விஷயமில்லை என்பது போலத் தலையை அசைத்தேன். (அசைத்தது வலித்தது.)

உண்மை என்னவென்றால், எனக்கு இங்கிலீஷ் பேசத் தெரியாது. ஒப்பிக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருந்து காலேஜ் வரைக்கும் இங்கிலீஷ் பரீட்சைகளை நான் தாண்டியது மனப்பாடத்தால்தான். ஒரு கட்டுரையைக் கொடுத்தால் கமா, முற்றுப்புள்ளி தவறாமல் ஒப்பிப்பேன். நடுவில் நிறுத்தினால் மட்டும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஊரில் படித்த எல்லோருமே அப்படித்தான் படித்தோம். அதில் தவறு இருப்பதாக அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, தலைவலியைக் கட்டுரையாக எழுதினேன். டிக்‌ஷனரியைப் புரட்டி, பத்தி பிரித்து எழுதினேன். முதல் பத்தியில் நான் யார். இரண்டாவதில் விழுந்த வரலாறு. மூன்றாவதில் வலி இருக்கும் இடம். நான்காவதில் வாந்தி, மயக்கம் முதலியன. முடிவுரையில், நான் நன்றாகப் படிக்கும் பெண், எனவே பரீட்சை எழுத அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை வாசிக்கவே கண் வலித்ததால் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணை மூடி மூடி மனப்பாடம் செய்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, முழுக்கக் கேட்டார்.

"ஒரு வார்த்த புரியலடி. ரொம்ப நல்லாக்கீது," என்றார்.

ஆனால் உப்பு வாரும் நேரத்தில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டரிடம் போவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. கட்டுரை எனக்கு நன்றாக உருவேறிவிட்ட நேரம் பார்த்து, பின்மண்டையில் இருந்த வலி நெற்றிக்கு வந்துவிட்டது.

புறப்பட்ட அன்று பஸ்ஸில் இதுதான் என் பிரச்சினை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பு வெளேரென்று கண்ணைக் குத்தியது. தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு, 'பேக் சைட்' என்று வரும் இடத்தில் 'ஃப்ரண்ட் சைட்' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வாய் கேட்கவில்லை. அந்த வாக்கியம் பழக்கப்பட்ட மாடு மாதிரி, நான் எங்கே இழுத்தாலும் பின்மண்டைக்கே போய் நின்றது. பக்கத்து சீட்டில் அத்தை அம்மாவிடம், "புள்ள தானா பேசுது பாரு," என்று கிசுகிசுத்தார்.

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டதும் நாங்கள் ஐந்து பேரும் எழுந்தோம். அப்பா, அம்மா, அத்தை, மாமா, நான். "பேஷண்ட் மட்டும் வாங்க," என்றார் நர்ஸ். "நாங்க பேஷண்ட்டோட ஆளுங்கம்மா," என்று சொல்லி அத்தைதான் முதலில் உள்ளே நுழைந்தார்.

டாக்டர் நரைத்த தலையோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "யெஸ், டெல் மீ," என்றார். மாமா என்னை முழங்கையால் இடித்தார். நான் சொன்னேனா இல்லையா என்று அர்த்தம்.

எழுந்து நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன்.

"ரெஸ்பெக்டட் சார்! மை நேம் இஸ் குமுதவல்லி. ஐ ஆம் ஸ்டடியிங் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி..."

டாக்டர் நிமிர்ந்தார். "சிட் டவுன், சிட் டவுன்," என்றார். உட்கார்ந்தேன். எல்லாம் போய்விட்டது. உட்கார்ந்தபடி மறுபடி, "ரெஸ்பெக்டட் சார்! மை நேம் இஸ் குமுதவல்லி," என்று தொடங்கினேன்.

"ஓகே, குமுதவல்லி. வேர் இஸ் தி பெயின்?"

வலி எங்கே என்று கேட்கிறார். அது மூன்றாம் பத்தி. இரண்டாம் பத்தியைத் தாண்டாமல் அங்கே போக வழியில்லை. ஆகவே வேகத்தைக் கூட்டினேன். கற்பகம், ஞாயிற்றுக்கிழமை, வரப்பு, மடை என எல்லாவற்றையும் ஸ்டேஷனில் நிற்காத ரயில் போலக் கடந்து, "மை ஹெடேக் இஸ் சிச்சுவேட்டட் அட் தி பேக் சைட் ஆஃப் தி ஹெட்!" என்று மூச்சு வாங்க முடித்தேன். ('சிச்சுவேட்டட்' பூகோளப் புத்தகத்தில் படித்தது. ஊர்கள், மலைகள் இருக்கும் இடத்துக்குச் சொல்வார்கள்.) சொல்லும்போது என் வலது கை, வலி உண்மையிலேயே இருந்த நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் என் கையைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். "பேக் ஆர் ஃப்ரண்ட்?" என்றார்.

நடுவில் நிறுத்திவிட்டார். மறுபடி முதலில் இருந்து போக வேண்டும். கொஞ்சம் பொறுங்கள் என்பது போல ஒரு கையைத் தூக்கினேன். கண்ணை மூடி, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து முதல் பத்தியைத் தேடினேன். அடுத்து என் மோவாய்க்குக் கீழே ஏதோ சில்லென்று பட்டது. கண்ணைத் திறந்தால் நர்ஸ் ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "வாந்தியா? இதுல எடும்மா," என்றார். அம்மா அழ ஆரம்பித்தார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து வந்து என் கண்ணில் டார்ச் அடித்தார். விரலைப் பார்க்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். (முன்பக்கமாகத்தான் நடந்தேன்.) இதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு, "வாட் டே இஸ் டுடே?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை. தமிழில் தெரியும். ஆனால் கிழமை என்று என் கட்டுரையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாய் தானாகத் திறந்து, "சண்டே, சார்," என்றது.

டாக்டர் என்னை விட்டுவிட்டு என் குடும்பத்தைப் பார்த்தார். "எவ்ளோ நாளா இப்படிப் பேசுறாங்க?" என்றார்.

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் டாக்டரே," என்றார் அத்தை. "ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."

"காலேஜி சேந்ததுலேர்ந்து கொஞ்சம் கூடிப்போச்சிங்க," என்றார் அப்பா.

"இங்கிலீஷ்ல இன்னைக்குத்தான் சார்," என்றார் மாமா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க. வலிக்கிற இடம் ஒண்ணு, சொல்ற இடம் ஒண்ணு. கிழமை தெரியல. அடி கொஞ்சம் பலமாத்தான் இருக்கும்போல. ஸ்கேன் பாத்துடலாம். ஆனா இப்போதைக்குப் படிப்பு, பரீட்சை எதுவும் வேணாம். இந்த வருஷத்த விட்டுடுங்க."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் பிரம்மதேசத்தில் பந்தி பரிமாறத் தொடங்கிவிட்டது தெரிந்தது. அப்பா மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குக் கட்டுரை, பத்தி, கமா எல்லாம் அறுந்துபோனது.

"ஐயோ சார்! எனக்கு ஒண்ணும் ஆவல சார்! அது மனப்பாடம் பண்ணிக்கினு வந்தது சார்! பின்மண்டன்னு எழுதி மனப்பாடம் பண்ணிட்டேன், அதுக்குள்ள வலி முன்னாடி வந்துடுச்சி சார்! எனக்கு மாத்த வரல சார்! இன்னைக்கு வியாழக்கிழம சார்! நேத்து புதன் சார்!"

"வியாழன்தான்," என்று நர்ஸ் மட்டும் மெதுவாக உறுதி செய்தார்.

"மனப்பாடமா?" என்றார் டாக்டர். "தலைவலியவா?"

"ஆமா சார்."

"எதுக்கும்மா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மேலே சுற்றிய ஃபேனை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். நர்ஸ் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். "எனக்குச் செஞ்சிப் பக்கம்மா," என்றார் டாக்டர். "எங்கம்மாகிட்ட இங்கிலீஷ் பேசுனா சோறு போட மாட்டாங்க. இப்ப உன் வாயால சொல்லு. எந்தப் பக்கத்துலேர்ந்து வேணும்னாலும் ஆரம்பி. உன்கூட வந்தவங்க யாரும் பேசக் கூடாது."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாக ஏதோ சொல்ல முயன்றார். டாக்டர் பார்த்ததும் விட்டுவிட்டார்.

நான் சொன்னேன். வரிசை இல்லாமல் வந்தது. முதல் வாரம் பின்மண்டையில் தையலைச் சுற்றித் தெறித்தது. அப்புறம் துண்டை இறுக்கிக் கட்டினது மாதிரி தலையைச் சுற்றி. கழுத்தைத் திருப்பினால் ஒரு வலி, உப்பு வெளிச்சத்தைப் பார்த்தால் வேறொரு வலி. பஸ்ஸில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று. ஒன்று விட்டதே என்று சந்தோஷப்பட்டால் இன்னொன்று வந்து நிற்கிறது. கடைசியாக, அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். "ஒரு பக்கம் படிச்சி முடிக்கிறதுக்குள்ள எழுத்தெல்லாம் ஆடுது சார். இனிமே படிக்கவே வராதோன்னு பயமா இருக்குது."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இப்போது சிரிக்கவில்லை.

"இதுல எது அதிகம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே, "மாத்திரை ஏதாவது போடுறியா?" என்றார்.

"காலையில அப்பா ஒண்ணு குடுப்பாரு சார்."

"மத்தியானம் நான் ஒண்ணு குடுப்பேங்க," என்றார் அம்மா.

அப்பா திரும்பி, "நீ குடுக்கிறியா?" என்றார்.

"நான் பொழுது சாய ஒரு செவப்பு மாத்திர," என்றார் அத்தை, வாயில் இருந்து கையை எடுத்துவிட்டு. "பாவமா இருக்குதேன்னு."

மாமா ஃபேனில் இருந்து இறங்கி வந்தார். "லோடு ஏத்தப் போற அன்னைக்கு மட்டும் நான்... டிரைவருங்க போடுறது சார். சும்மா சுறுக்குனு இருக்கும்."

ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. நானும், எல்லோரும் அன்போடு கொடுக்கிறார்களே என்று எல்லாவற்றையும் விழுங்கியிருந்தேன். வேதியியல் மாணவி. எந்த உப்பு என்று மட்டும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

"ஒரு தலைக்கு நாலு டாக்டர்," என்றார் அவர். "நான் எதுக்கு?"

பிறகு எங்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். அடிபட்ட தலை குணமாகும்போது வலி இப்படி இடம் மாறும், ரகம் மாறும். அதற்காகப் பொய் சொல்கிறாள் என்று அர்த்தமில்லை. அடியோடு கழுத்தும் சேர்ந்து சுளுக்கியிருக்கிறது, அது ஒரு வலி. ஓய்வெடுக்காமல் படித்தது ஒரு வலி. மாத்திரையை வாரக்கணக்கில் தினமும் விழுங்கினால், அந்த மாத்திரையே ஒரு தலைவலியைக் கொண்டுவரும். "அதனால அன்பு காட்டுறத இன்னையோட நிறுத்துங்க," என்றார். வாந்தி, ஃபிட்ஸ், கை கால் மரத்துப்போவது, எழுப்ப முடியாத தூக்கம் என்று எது வந்தாலும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

ஸ்கேன் அறை வாசலில், அந்த மெஷின் தலைக்குள்ளே படம் பிடிக்கும் என்று தெரிந்ததும் அப்பா அங்கிருந்தவரிடம் போய், "நல்லா பாத்துச் சொல்லுங்க சார். மூணு வருசமாப் படிச்சதெல்லாம் பத்திரமா இருக்குதான்னு," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

ரத்தக்கசிவு எதுவும் இல்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கொஞ்சம் கொஞ்சமாப் படி. வலி ஆரம்பிச்சா மூடி வச்சிடு. முடிஞ்ச பேப்பர எழுது, முடியாதத நவம்பர்ல எழுது. பரீட்சை எங்கயும் ஓடிடாது."

"மாப்ள ஓடிடுவானே டாக்டரே," என்றார் அத்தை.

"ஓடுற மாப்ள எதுக்கும்மா?" என்றார் டாக்டர்.

அத்தைக்கு அதற்குமேல் அந்த ஊரில் வேலை இருக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், கோட்டக்குப்பம் தாண்டியதும் அப்பா, "ரெஸ்பெக்டட் சார்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அப்புறம் மாமா. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் முதுகும் குலுங்கியது. எனக்குச் சிரிக்கும்போது நெற்றி வலித்தது. பரவாயில்லை என்று சிரித்தேன்.

எங்கள் வீட்டில் இது இன்னும் முடியவில்லை. யார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாலும் முதல் கேள்வி, "எந்தப் பத்தியில நிறுத்துனாரு?" என்பதுதான். கல்யாண வீடுகளில் மாமா, எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, என்னைப் போலவே நடித்துக் காட்டுகிறார். (இங்கிலீஷ் யோசனை யாருடையது என்பது அவர் நாடகத்தில் வருவதே இல்லை.) அத்தை தன் பங்குக்கு, "பொறந்ததுலேர்ந்தே" என்று சரியான இடத்தில் எடுத்துக் கொடுக்கிறார்.

பரீட்சையில் எல்லா பேப்பரும் எழுத முடியவில்லை. இயற்பியல் வேதியியலில் பாதி எழுதியதும் எழுத்துகள் ஆட ஆரம்பித்தன. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எழுத நினைத்த கைக்கு, எங்கள் குடும்பத்தின் முதல் அரியர் என்றுதான் எழுத வாய்த்தது. அது கசந்தது, பொய் சொல்லமாட்டேன். நவம்பரில் அதையும் எழுதித் தேறினேன். அதற்குள் வலியும் ஒவ்வொரு அறையாகக் காலி செய்துகொண்டு போய்விட்டது. வெயிலில் அலைந்தால் எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கிறது. எங்கே, எப்படி என்று இப்போது எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியும்.

இந்த வருஷம் கடலூரில் பி.எட். சேர்ந்திருக்கிறேன். சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று வழியில் பஸ் பஞ்சராகி, வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். இங்கிலீஷ் மேடம் வாசலிலேயே நிறுத்தி, "ஒய் ஆர் யூ லேட்?" என்றார். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. எந்தப் பத்தியும் கைவசம் இல்லை.

"பஸ் டயர் கோயிங், மேடம். ஆல் பீப்பிள் கெட்டிங் டவுன். ஐ கம் வாக்கிங்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, உள்ளே வா என்று கையைக் காட்டினார். நான் நடந்து போய், முதல் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.